பழுதுப் பட்டியல்

டப்பாவைத் திறந்ததும் காடி நெடி.
ஃபிலிம் சாகும்போது இப்படித்தான் மணக்கும்.
பல்லாரட்டில் ஜூலை. ஸ்டர்ட் தெருவில்
நனைக்கவும் செய்யாத, நிற்கவும் செய்யாத தூறல்.
கையுறை மாட்டி, சுருள் பிரித்து,
ஸ்கேனரில் ஏற்றுவது என் வேலை.

மூடிய தியேட்டர் ஒன்றின் பரணில் கிடைத்தது இது.
லண்டன், ஐம்பத்தைந்து.
பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டும் சின்னப் படம்,
இருபத்தொன்பது நிமிடம்.
உண்மையில் நடந்தது என்று
எடுத்த எடுப்பிலேயே சத்தியம் செய்கிறது.
மூடுபனி, கறுப்பு வண்டி,
வீட்டுக்குள்ளும் தொப்பி கழற்றாத இன்ஸ்பெக்டர்,
வாடகை அறை, கம்பளத்தில் மல்லாந்த பெண்.
அவளுக்கு மூன்றே வசனம்,
இலையோரத்து உப்புபோல.
கொன்றவனுக்கு நல்ல மீசை. நிறையப் பேசுகிறான்.

வினிஃப்ரெட் ஹாலம் கைத்தடியோடு வந்தார்.
எண்பத்து நான்கு. மழைக்கோட்டைக் கழற்றவில்லை.
"அது என் அம்மா" என்றார்,
பஸ் நம்பர் சொல்வதுபோல.

ஒன்பது வயதில் கப்பலேற்றி
இந்த ஊரிலிருந்த சித்தியிடம் அனுப்பினார்களாம்.
பதினாறில் ஒரு சனிக்கிழமை
ஆட்டபாட்டப் படம் பார்க்கப் போய்,
கையில் ஐஸ்கிரீம்,
முன்னால் இது ஓடியிருக்கிறது.
பெயரை மாற்றியிருந்தார்கள். தெருவை மாற்றவில்லை.
"என்னை எடுத்துவிட்டார்கள்.
படத்தில் அவளுக்குப் பிள்ளையே கிடையாது.
அரைமணியில் அடங்கவேண்டுமே, பாவம்."

வந்தது அதற்கல்ல.
"பிணம் மூச்சு விட்டது. பார்த்தேன்.
சித்தி அறைந்தாள்.
பாதிரியார் ஜெபிக்கச் சொன்னார்.
என் கணவர்கூட, நல்ல மனிதர்,
விடேன் அதை என்பார்."

ஓட்டினேன். நிறுத்தினேன். பின்னுக்கு இழுத்தேன்.
கம்பளம். கை. கோட்டுப் பொத்தான்கள்.
இன்ஸ்பெக்டரின் நிழல் குறுக்கே போகிறது,
மூன்றாவது பொத்தான் எழுகிறது
ஓர் அரிசியளவு,
இறங்குகிறது.
பதினொரு சட்டகம். அரை நொடிகூட இல்லை.
கூலிக்குச் செத்துக் கிடந்த எவளோ
இருமலை அடக்கியிருக்கிறாள்.

மறுபடி, என்றார்.
மறுபடி.
ஏழாவது முறை சிரித்துவிட்டார்:
"இவ்வளவு நல்ல கோட்டு
அவளிடம் இருந்ததே இல்லை."

மென்பொருள் அதற்குள்
சிவப்புக் கட்டம் போட்டிருந்தது:
அசையாப் பொருளில் அசைவு. சீர்செய்யவா?
கீறல்கள், தூசி, ஒலி விட்ட இடங்கள்,
எல்லாவற்றுக்கும் காலையிலிருந்து
ஆம் ஆம் என்று தட்டிய விரல்.

அவர் திரையைப் பார்க்கவில்லை,
குடையைத் தேடிக்கொண்டிருந்தார்.
இல்லை என்று தட்டினேன்.

கடைசிச் சுருளில் தீர்ப்பும் தூக்கும்.
வேண்டுமா என்று கேட்டேன்.
நாலரை பஸ் ஆஸ்பத்திரி வழியாகவா போகும்
என்று கேட்டார்.