நூற்று நாற்பது சதவீதம்

தக்கலையில், ரப்பர் ஷீட் கடைக்கு மேலே
இரவு இரண்டு மணிக்கு
ஃபெல்சியின் குரலை விரித்தேன்.
ஒரு பக்கத்து அலையைக் கவிழ்த்துப் போட்டு
நூறு, நூற்றிருபது, நூற்று நாற்பது.
ஹெட்போனில்
இடக்காதுக்கு வெளியே ஓர் அறை திறந்தது,
வலக்காதுக்கு வெளியே இன்னொன்று.
கொள்ளாம், என்றேன் எனக்கே.
ஷீட் புகை வாசம்கூட அகலமாக வந்தது.

குறும்பனைத் திருவிழா, மூன்றாம் நாள்.
தென்னையில் கட்டிய ஒற்றைக் குழாய்.
மைக்செட் ஷாபு
இரண்டு வயரையும் பல்லால் உரித்து
ஒன்றாக முறுக்கினான்.

தபேலா வந்தது. கீபோர்டு வந்தது.
பல்லவி வரவேண்டிய இடத்தில்
கடல்.

இடமும் வலமும் நேருக்கு நேர் சந்தித்து
ஒன்றையொன்று தின்றுவிட்டிருந்தன.

முன்வரிசையில் ஃபெல்சி,
மடியில் பிள்ளை,
வராத தன் பாட்டுக்கு
உதடசைத்துக்கொண்டிருந்தாள்.
பிறகு திரும்பி,
'எனக்க சவுண்டு எங்க அண்ணே?'

கடைசி பஸ்ஸில் வந்து
மோனோ பட்டனை அழுத்திக் கேட்டேன்.
அவள் இல்லை.
தபேலா மைக்கில் தெறித்து ஒட்டிய
அவளது வளையல் மட்டும்,
யாரும் விரிக்காதது,
நட்டநடுவில்
கிணுங்கியது.