சிஸ்டருக்குப் பதில்

சிஸ்டர் நொம்தாண்டஸோ,
நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது.
தேவஷான் அதைப் பையில் வைக்கவில்லை,
காலுறைக்குள் மடித்து வைத்திருந்தான்.
வியர்வையில் எழுத்தெல்லாம் கலங்கியிருந்தது,
எண் மட்டும் தெளிவாக:
ஐம்பத்து மூன்று.

ஒன்பது வயது.
"இது பாஸா, பெயிலா?" என்று கேட்டான்.
வரிசையில் யாரோ சிரித்திருக்கிறார்கள்.
யார் என்று சொல்லவில்லை.
அன்றிரவு வயிற்றை எக்கிக்கொண்டே தூங்கினான்.

சாட்ஸ்வர்த்தில், ஏழாம் யூனிட்டில்,
முன் ஜன்னலைக் கடையாக்கி உட்கார்ந்திருப்பவள் நான்.
உங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளின் விரலில்
ஒட்டியிருக்கும் ஆரஞ்சுத் தூள்
என் கையால் போனது. பாக்கெட் இரண்டு ராண்ட்.
ஆப்பிளும் வாங்கி வைத்தேன் ஒருமுறை,
சுருங்கிய பிறகு நானே தின்றேன்.
கரண்ட் பில்லை அந்தத் தூள்தான் கட்டுகிறது.
அவன் பள்ளிக் கட்டணத்தையும்.

"வெளியே விளையாடுகிறானா?"
உங்கள் படிவத்தில் இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை.
மூன்றாவது ஒன்று வேண்டும், சிஸ்டர்.
போன வருஷம் எதிர் வீட்டு வாசலில்
துப்பாக்கியைக் காட்டிக் காரை ஓட்டிக்கொண்டு போனார்கள்,
பின் சீட்டில் பிள்ளையின் புத்தகப் பையோடு.
அன்று பூட்டினேன் கேட்டை.
சாவி என் இடுப்பில், அவன் சோபாவில்.
அழுதால் பிஸ்கட். அழாவிட்டாலும் பிஸ்கட்.
அவன் அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை,
ஒருநாளும் வெறுங்கையோடு வந்ததில்லை.
அன்பை நாங்கள் அப்படித்தான் நிறுத்துக் கொடுத்தோம்.

பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை,
குரங்கு வந்தது.
சில்வர்க்ளென் காட்டுப் பக்கமிருந்து மதில் மதிலாகத் தாவி வந்து
ஜன்னலுக்குள் கைவிட்டு ஒரு பாக்கெட்டைப் பிடுங்கியது.
சரக்கு இறக்கக் கேட்டைத் திறந்து வைத்திருந்தேன்.
"டேய்!" என்று கத்திக்கொண்டு
என்னைத் தாண்டிப் போனது என் மகன்.
ஓடினான், சிஸ்டர்.
உடம்பு மொத்தமும் குலுங்க,
ஒரு செருப்பு கழன்று விழ,
தெரு நாய்களெல்லாம் எழுந்து நின்று பார்க்க.
பின்னால் நான்,
மாவுக் கையில் அந்தச் செருப்போடு,
முப்பத்தெட்டு வயதில், எண்பத்தொரு கிலோவோடு.
(என் எண்ணை யாரும் கேட்கவில்லை. சொல்லிவிடுகிறேன்.)

எங்கள் வீட்டிலிருந்து நூலகம்வரை ஆறு வேகத்தடை.
மூன்றாவதன் மேல் உட்கார்ந்துவிட்டான்.
லிச்சி மரக் கிளையில் குரங்கு
பாக்கெட்டைக் கடித்துக் கிழித்து
எங்கள் கண்ணெதிரே தின்றது.
"அதுக்கும் வெயிட் போடும்மா" என்றான்.
மூச்சு வாங்க வாங்கச் சிரித்தோம்.
கேட் திறந்து கிடப்பது
திரும்பும்போதுதான் நினைவு வந்தது.

இப்போது ஐந்து மணிக்குப் போகிறோம்.
கடைக்கு ஒரு மணி நேரம் பூட்டு.
நஷ்டத்தை நோட்டில் எழுதுகிறேன்,
சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கிறது.
மூலை வீட்டு சலோஷ்னியும் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்;
ஏழு பேர் நடந்தால் தெருவுக்கே கொஞ்சம் தைரியம் வருகிறது.
நான்காவது மேடு தாண்டினோம். ஐந்தாவதில் நல்ல ஏற்றம்.
வெள்ளிக்கிழமை பன்னி சோவ் மட்டும் நிற்கவில்லை.
ஒன்று வாங்கி மூவரும் பிய்த்துத் தின்கிறோம்,
குழம்பு ஊறிய அடி ரொட்டிக்கு இன்னும் சண்டைதான்.

அடுத்த மாதம் மறுபடி நிறுப்பீர்கள்.
எண் பெரிதாக இறங்கியிருக்காது,
கடை வீட்டுக்குள்தானே இருக்கிறது.
ஒரு திரை கட்டி அதற்குப் பின்னால் நிறுங்கள்.
வாய்விட்டுப் படிக்காதீர்கள்.
ஷூவைக் கழற்றச் சொல்வீர்கள் இல்லையா,
அதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.
இதுவரை அவன் போட்ட எல்லா ஷூவும்
புதிதாக இருக்கும்போதே பற்றாமல் போனவை.
அடி தேய்ந்தது இதுதான்.