பதினான்காவது வளைவு

ஏற்காடு போகும் பஸ்ஸில்
ஆபரேட்டிங் சிஸ்டம் விடைத்தாள் திருத்துகிறேன்.
வளைவுக்கு வளைவு சிவப்புப் பேனா வழுக்குகிறது.

‘டெட்லாக் வர நான்கு நிபந்தனைகள் எழுதுக.’
நாற்பத்தேழாம் எண் மூன்றுதான் எழுதியிருந்தது:
ஒரு நேரத்தில் ஒருவருக்கே;
கையிலிருப்பதை விடாமல் அடுத்ததற்குக் காத்திருப்பது;
யாரும் பிடுங்க முடியாது.
கீழே, கேள்விக்குச் சேராத ஒரு வரி:
‘ஒருவர் பின்னால் போனால் சரியாகிவிடும்.’
அடித்தேன்.

பதினான்காவது வளைவில் பஸ் நின்றது.
எதிரே சில்வர் ஓக் ஏற்றிய லாரி.
அதற்கு வேண்டிய தார் எங்கள் சக்கரத்தின் கீழ்,
எங்களுக்கு வேண்டியது அதன் சக்கரத்தின் கீழ்.
விட்டுப்போன நான்காவது நிபந்தனை
இரண்டு ஹாரன்களாகக் கத்திக்கொண்டிருந்தது.

இன்ஜின்கள் ஓடுகின்றன. எதுவும் நகரவில்லை.
ஒரு குரங்கு மட்டும்
இந்தக் கூரைக்கும் அந்த மரக்கட்டைக்கும்
போய்ப் போய் வந்தது.

கண்டக்டர் சடையன் இறங்கினார். விசில்.
மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் வழி,
சட்டம் எங்கள் பக்கம்.
ஆனாலும் நாங்கள்தான் பின்வாங்கினோம்,
ஏறி வந்த இருபதடியை
மலைக்கே திருப்பிக் கொடுத்து.

லாரி உரசாமல் இறங்கிப் போனது.
பச்சை மரத்தின் வாசனை ஜன்னலில் நின்றது.

பஸ் மறுபடி குலுங்க,
அடித்த வரியின் பக்கத்தில்
கோணலாக
ஒன்றரை மார்க் போட்டேன்.