துப்பு

நிலவறைச் சுவரைத் தொட்டால்
விரல் வெள்ளையாகும். அவ்வளவும் சுண்ணாம்பு.
மேலே சரிவில், வெட்டிய திராட்சைக் கழிகளைத்
தள்ளுவண்டிப் பீப்பாயில் போட்டு எரிக்கிறார்கள்.
புகை படிக்கட்டுவரை வந்து
உள்ளே இருக்கும் குளிரைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது.

இரண்டு புட்டிகளுக்கும்
என் மகனின் கால்பந்துக் காலுறைகளை மாட்டிவிட்டேன்.
ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம்.
எதற்குள் எது என்ற சீட்டு என் ஏப்ரன் பையில்.

ஒன்று நரிவளை, பாதைக்குக் கிழக்கே.
மற்றது பாதிரித் தோட்டம், பாதைக்கு மேற்கே.
இடையில் ஒரு டிராக்டர் போகும் அகலம்.
அதே ஷார்டொனே, அதே சரிவு, அதே ஆண்டு.
அவர்கள் அப்பா இருந்தவரை
இரண்டும் ஒரே தொட்டியில்தான் விழுந்தன.
பிறகு பத்திரம் எழுதுபவர் ஒரு கோடு போட்டார்:
அக்கா கிஸ்லேனுக்கு நரி,
தம்பி ஒபேனுக்குப் பாதிரி.
அதே கோட்டைப் பேச்சிலும் போட்டுக்கொண்டு
ஆண்டு ஒன்பது.
காலையில் அவளிடம் வேலை எனக்கு, பிற்பகல் அவனிடம்.
"பம்பைத் திருப்பித் தரச் சொல்" என்பது வரை
எல்லாம் என் வாய்வழி.

ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்த ஃபெர்ஹூல்ஸ்ட்
தொப்பியைக் கழற்றவில்லை.
"ஒற்றைத் தோட்டத்து ஷாம்பெயின். கலப்பு கூடாது.
அறுநூறு புட்டி. இரண்டில் ஒன்றுதான்.
எது உசத்தி, நீங்களே சொல்லுங்கள்."

தக்கையை ஓசைப்படாமல் எடுத்தேன்,
வெடிச்சத்தம் கல்யாண வீட்டுக்கு.
நுரை ஏறியது, கொஞ்சம் யோசித்தது, இறங்கியது.
சிவப்பில் குமிழி கடுகளவு.
நீலத்தில் கசகசா.

குடித்தார்கள் என்று சொல்ல முடியாது.
கன்னத்துக்குக் கன்னம் மாற்றி
நடுவே காற்றை உறிஞ்சி
வாளியில் துப்பினார்கள்.
ஒரு துப்பும் கிடைக்காமல் வியாபாரி
இன்னொரு முறை ஊற்றச் சொன்னார்.
"பச்சை ஆப்பிள்" என்றார், சிவப்பை முகர்ந்து.
"எலுமிச்சைத் தோல். அப்புறம் பின்னால், எங்கோ,
தீக்குச்சியை ஊதி அணைத்த மாதிரி..."

"அது என் புகை" என்றாள் கிஸ்லேன்.
"மொட்டு விட்ட மூன்றாம் நாள் உறைபனி.
ஏப்ரல். நானூறு மெழுகு வாளி
ஒற்றை ஆளாகக் கொளுத்தினேன்.
விடிந்தபோது மூக்குக்குள் கரி.
இது நரிவளை.
கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன்."

ஒபேன் நீலத்தைத் தன் பக்கம் நகர்த்தினான்.
"இது என்னுடையது" என்றான்.
மேற்கொண்டு சொல்ல அவனிடம் எதுவும் இல்லை.
அந்த ஆண்டு மெழுகு வாங்கப் பணமில்லை அவனுக்கு,
ஊருக்கே தெரியும்.
இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டான் என்றார்கள்.
ஆனாலும் அவன் கொடியில் பாதி பிழைத்தது.
பாதிரியின் புண்ணியம் என்றார்கள்.

காலுறைகளை உருவினேன்.

சிவப்புக்குள் பாதிரி.
நீலத்துக்குள் நரி.

சிரிக்கலாமா என்று வியாபாரி
எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
யாரும் அனுமதி தரவில்லை.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கிஸ்லேன் சிவப்புக் கிளாஸை மறுபடி எடுத்தாள்.
முகர்ந்தாள், வெகுநேரம்.
ஒரு வாய் எடுத்தாள். வாளியை அவள் பக்கம் தள்ளினேன்.
துப்பவில்லை.

விழுங்கிவிட்டு, என்னிடம் சொல்லியனுப்பாமல்
நேராக அவனைக் கேட்டாள்:
"அன்றைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து?"

ஒபேன் கிளாஸின் காம்பைத்
திருகிக்கொண்டே இருந்தான்.
"கிழக்கிலிருந்து" என்றான்.

"விடியும்வரை கிழக்கிலிருந்துதான்.
பாதையில்தான் நின்றுகொண்டிருந்தேன்."