பத்தரை மணிக் கூட்டம்

பத்தே காலுக்கே உட்கார்ந்துவிட்டேன்.
இந்த ஊரில்
சொன்ன நேரத்துக்கு வருவது தாமதம்.

மடிக்கணினிக்கு அடியில்
மகனின் கணிதப் புத்தகங்கள் இரண்டு,
அதற்கும் கீழே ஒரு பால்மா டின்.
கமரா கண்ணுக்கு நேரே நிற்க வேண்டும்.
பதிந்திருந்தால் மூக்குத் துவாரத்தால் கதைப்பேன்,
உயர்ந்திருந்தால் கடன் கேட்பவள்போல் இருப்பேன்.

யன்னலுக்கு முதுகு காட்டக் கூடாது.
போன மாதம் அப்படித்தான்
காலாண்டுக் கணக்கை
ஒரு நிழல் வாசித்தது.

மேலே சாம்பல் நிறக் கோட்டு.
கீழே பூப்போட்ட காற்சட்டை, கம்பளிக் காலுறை.
என்ன நடந்தாலும் எழும்புவதில்லை
என்று எனக்கு நானே போட்ட சட்டம்.

இருமலோடு பள்ளிக்குப் போகாதவனுக்கு
கதவில் ஒரு தாள் ஒட்டினேன்:
'அம்மா கூட்டத்தில்.
இரத்தம் வந்தால் மட்டும் தட்டு.'

இன்றைக்குப் பார்த்துச் சலவையறைச் சாவி என்னிடம்.
இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரும் நாள்.
மூன்றாம் மாடி ஏஷ்லிமான் அம்மாவிடம்
நாள் மாற்றிக் கேட்பதைவிட
குடியுரிமை கேட்பது சுலபம்.
நிலக்கீழ் அறையில் இயந்திரம் சுற்றட்டும்.
நான் இங்கே தலையாட்டுகிறேன்.

ரூஃபெனாக்ட் திரையைப் பகிர்ந்தார்.
நாற்பத்தேழு பக்கம்.
அழுத்த வால்வு, அதன் வரலாறு,
அதன் வரலாற்றின் வரலாறு.
ஸ்டுட்கார்ட் பெண் கமராவை மூடிவிட்டாள்.
கோயம்புத்தூர் ஆலையிலிருந்து மயில்சாமி
கட்டம்போட்ட சட்டையில், நிமிர்ந்தபடி.

ஒரு வருடமாக அவரைத் தெரியும்.
ஒரு சொல் தமிழில் கதைத்ததில்லை.
ஐந்து பேருக்கு விளங்காத மொழியில்
இரண்டு பேர் சிரிப்பது சபைக்கு அழகல்ல
என்று இருவருமே
சொல்லிக்கொள்ளாமல் முடிவெடுத்திருந்தோம்.

பதினொரு மணிக்கு
லாங்கன்தால் தேவாலய மணி முழங்கத் தொடங்கியது.
பதறிப்போய்ப் பொத்தானை அழுத்தினேன்.
ஏற்கெனவே மூடியிருந்ததை
இன்னொருமுறை அழுத்தினால் திறக்கும்.
மணியோசையை மென்பொருள் விழுங்கிவிட்டது.
மனிதக் குரலை அது விழுங்காதாம்.

முப்பத்தொன்பதாம் பக்கத்தில்
தேத்தண்ணிக் கோப்பையிடம் சொன்னேன்:
"இந்த மனிசனும் ஒரு வால்வுதான்.
திறந்தா மூடேலாது."

ரூஃபெனாக்ட் நின்றார்.
"யாராவது கேள்வி கேட்டீர்களா?"

திரையில் ஏழு சதுரம்.
ஒரு சதுரம் மட்டும்
உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு
மேசையைப் பார்த்தது.
பிறகு நிமிர்ந்தது.
"மன்னிக்கவும், என் பக்கத்துச் சத்தம்.
பட்டறையில் ஆட்கள். தொடருங்கள்."
அவ்வளவு சுத்தமான ஆங்கிலம்.

திரையின் ஓரத்தில், எனக்கு மட்டும்,
ஒரு வரி வந்தது:
'அக்கா, மைக்குல செவப்புக் கோடு இல்லீங்க.'
கோடு போட்டேன். கை நடுங்கியது.
இன்னொரு வரி:
'மூடாத வால்வு எங்க ஆலையிலயும் ஒண்ணு இருக்குதுங்க.'

எட்டுப் பக்கம் மிச்சம்.
கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டு
குறிப்பெடுப்பவள்போல் எழுதினேன்.
அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.
அதில் 'வால்வு' என்று பதினாறு தடவை.

கூட்டத்துக்கு எப்படித் தயாராவது என்று
நிறுவனம் அனுப்பிய கடிதத்தில்
ஒளி இருக்கிறது, உடை இருக்கிறது,
பின்னணியில் அலுமாரி இருக்கலாமா என்பதுகூட.
அடுத்தவர் பிழையை மடியில் வாங்கிக்கொள்வது
எந்தப் பந்தியிலும் இல்லை.

அடுத்த செவ்வாய்
கோயம்புத்தூரில் மழை.
மயில்சாமி வாய் பாதி திறந்தபடி
உறைந்துபோனார்,
கணக்கில் முக்கியமான இடத்தில்.
எல்லோரும் காத்திருந்தார்கள்.
ஸ்டுட்கார்ட் பெருமூச்சு விட்டது.

"மன்னிக்கவும்," என்றேன்,
"என் பக்கத்து இணைப்புப் போலிருக்கிறது."

யாரும் நம்பவில்லை.
லாங்கன்தாலில் இணைப்பு அறாது.