ஊற்றும் வாய்

டிசம்பரில், லா ரோஞ்சில்,
சூரியன் நாலு மணிக்கே கடையைச் சாத்திவிடும்.
ஆறு வரை சாத்த முடியாதவன் நான்.
பேட்டரி, பெல்ட், எண்ணெய்,
ஏரியில் துளை போடும் துரப்பணத்துக்கு அலகு.

வாசலில் வண்டி வெளிச்சம் எதுவும் விழவில்லை.
பூட்ஸ் கிறீச்சிட வெர்னா மோரின் வந்தாள்,
கூடவே மைனஸ் முப்பத்தெட்டில் ஒரு வாய்க் குளிரும்.
"பின் டிஃபரன்ஷியலுக்கு எண்ணெய்."

கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடுகிற ஆளாகத்தான்
நானும் இருந்தேன்.
போன வருஷம் ஆர்ன் ஹால்வர்சன்
படகை இழுக்கிறேன் என்றான்.
கனத்த சுமைக்குக் கனத்த எண்ணெய் என்று
எண்பத்தைந்து - நூற்று நாற்பதைத் தள்ளிவிட்டேன்.
படகு போனது ஜூலையில்.
ஜனவரியில் அந்த எண்ணெய் மெழுகாகிக் கிடக்க
பல்சக்கரம் அதில் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு
வறட்டு இரும்பாகச் சுற்றியிருக்கிறது.
பினியன் பேரிங் ஊளையிட்டது ஊருக்கே கேட்டது.
ஆர்ன் இன்றும் என்னைக் கண்டால்
எதிர்ச்சாரிக்கு மாறி நடக்கிறான்.

ஆகவே வெர்னாவைக் கேட்டேன்:
என்ன சுமை?
"மீன். வாரம் ரெண்டு டன். ஏரி மேல் பாதையில்."
மூடி போல்ட்டில் ஒரு தகடு தொங்குமே,
அதில் என்ன எழுத்து?
"துருவை எழுத்து என்றால்
நிறையவே எழுதியிருக்கிறது."

திருப்பத்தில் முனகுகிறதா?
வெளிச்சக்கரம் கூட ஓடும், உள்சக்கரம் குறைய ஓடும்;
அந்த வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான்
உள்ளே இத்தனை பல்.
வழுக்கலை அடக்கும் தட்டுகளும் இருந்தால்
தனியாக ஒரு குப்பி மருந்து ஊற்றணும்,
இல்லாவிட்டால் திருப்பத்துக்குத் திருப்பம்
குடும்பச் சண்டை.

அவள் பதில் சொல்லவில்லை.
கோட்டுக்குள்ளிருந்து
ஒரு கடலை வெண்ணெய் ஜாடியை எடுத்து வைத்தாள்.

கறுப்பு என்றால் வயசு.
மினுக்கினால் பல் உதிர்கிறது.
இது பால் விட்ட காபி.
மூடியைத் திறந்தேன், கந்தகம்,
நேற்று அவித்த முட்டை.
"தண்ணீர்" என்றேன்.
"ஏரி" என்றாள்.

சூடான அச்சு சட்டென்று நீரில் இறங்கினால்
உள்ளிருக்கும் காற்று சுருங்கும்.
மூச்சுக்குழாய் அறுந்திருந்தால்
மூச்சுக்குப் பதில் ஏரியை இழுத்துக் குடிக்கும்.
எந்த எண்ணெயும், எவ்வளவு விலையானாலும்,
நீந்தாது.

"லியோனின் வண்டி உடைந்த பனியில் இறங்கியது.
பின்னால் சங்கிலி போட்டு அரைமணி நேரம் இழுத்தேன்.
என் பின்னச்சும் முழுகியே இருந்தது."
லியோன்?
"முழங்கால் வரைதான் நனைந்தான்.
இப்போது பிரின்ஸ் ஆல்பர்ட்டில்
வேறொருத்தி சோபாவில் காய்கிறான்."

எழுபத்தைந்து - தொண்ணூறு, சிந்தெடிக், மூன்று லிட்டர்.
அலசிக் கொட்ட மலிவில் இன்னும் மூன்று.
ஏழு டாலருக்கு ரப்பர் குழாய்;
உயரத்தில் கட்டு, பம்பருக்கு மேலே, என்றேன்.
எல்லாரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னேன்:
வடிக்கும் வாயைத் திறக்கும் முன்
ஊற்றும் வாய் திறக்கிறதா பார்.

அவள் ஜாடியைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
வாசலில் இல்லாத வண்டியையும்
இருவரும் கொஞ்ச நேரம் பார்த்தோம்.

"எவ்வளவு இறுக்கம்?"
"ஒரு ரெஞ்சு வளைந்துவிட்டது."

சுவரிலிருந்து நீளக் கம்பியை எடுத்தேன்.
விற்பனைக்கு அல்ல, என்னுடையது,
நாளைக் காலை திரும்ப வரணும்.
முதலில் சூடு காட்டு. சுத்தியலைத் தொடாதே.

கம்பி தோளில்.
பை வேண்டாம் என்று
ஆறு குப்பியையும் கோட்டுக்குள் செருகி
ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தாள்.
குனிந்து குனிந்து போனாள்,
எண்ணெய்க்கும் மைனஸ் முப்பத்தெட்டுக்கும் நடுவே
ஒரு வெர்னா மோரின் கனம்.

ஜாடியை மறந்துவிட்டாள்.
அடியில் நீர், மேலே எண்ணெய் என்று
இனிமேல்தான் பிரியும்.