நீர்மட்டத்துக்குக் கீழே

பெரிய கப்பல்கள் நுழைய அஞ்சும்
வடகோடிப் பாறைக்கரையோரம்
தொண்ணூறு பயணிகளோடு
ஏழு மாதம் போய்வந்தேன்.

எப்படி இருந்தது என்று
பழைய பஸ் ஸ்டாண்டில் தட்டுவடை செட் போடுகிறவர் கேட்டார்.
ஐ.டி.ஐ.யில் கூடப் படித்த தனகோபால் கேட்டான்.
ஏற்காடு பஸ்ஸில் முன்சீட்டுக்காரர்
நான்காவது வளைவிலிருந்து பதினோராவது வளைவுவரை
திரும்பி உட்கார்ந்தே கேட்டார்.

நல்லா இருந்துச்சு, என்றேன்.

நான் இருந்தது நீர்மட்டத்துக்குக் கீழே.
இரண்டு டீசல் இன்ஜின். எப்போதும் இருமும் ஒரு பம்ப்.
நாற்பத்து மூன்று டிகிரி. காதுக்கு மூடி.
ஜன்னல் கிடையாது.
சாப்பாட்டு அறைக்கு வந்தால் ஒலிபெருக்கி சொல்லும்:
இடப்பக்கம் பனியாறு,
வலப்பக்கம் கடல்சிங்கங்கள்.
எனக்கு இடப்பக்கம் சாம்பார் மாதிரி ஏதோ ஒன்று,
வலப்பக்கம் ரோமெல், சிபூக்காரன்.

மேலே பனி உடைந்து விழும்போது
தொண்ணூறு பேரும் ஒரே பக்கம் ஓடுவார்கள்.
கப்பல் மயிரிழை சாயும்.
கோப்பையில் தேநீர் ஓரம் ஏறும்.
அதைக் காட்டி ரோமெல் சொல்வான்:
பார், மேலே ஏதோ அழகாக இருக்கிறது.

நான் கண்ட கடற்கரை அவ்வளவுதான்.

சனிக்கிழமைகளில் ஜெசிந்தா போனில் வருவாள்.
வைஃபை அட்டைக்கு இருபது நிமிடம் ஆயுள்.
இந்த வாரம் என்ன பார்த்த?
வெறுங்கையோடு நிற்க வெட்கமாக இருந்தது.
பகோடா பாயிண்டை விளிம்போடு பெயர்த்து
உப்புத் தண்ணீரில் நிறுத்தினேன்.
கிளியூர் அருவியை அதன் ஐப்பசி வேகத்தோடு
கடலில் விழவைத்தேன்.
ரயில் சேலத்தை நெருங்கும்போது தெரியுமே
வெள்ளைக்கல் சுரங்க மேடு,
அதைப் பனிமலை என்றேன்.
ஒவ்வொன்றுக்கும் அவள் 'ம்' கொட்டினாள்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள், மார்கழி.
விடியுமுன்னே எக்ஸ்எல்லில் என்னைப் பின்னால் ஏற்றி
அவள்தான் ஓட்டினாள். எங்கே என்று சொல்லவில்லை.
லேடீஸ் சீட்டில் இன்னும் கடை திறக்கவில்லை.
கம்பியில் பனித்துளி வரிசை.

கீழே சேலம் இல்லை.
ஜங்ஷன் இல்லை, உருக்காலை இல்லை,
ஐந்து ரோட்டு மேம்பாலம் இல்லை.
மேகம் மலையின் தொடைவரை ஏறி
கொண்டை ஊசி வளைவுகளை எண்ணி எண்ணி விழுங்கியிருந்தது.
கஞ்சமலை ஒரு தீவு.
நகரமலை ஒரு தீவு.
ஜருகுமலைக்கு முதுகு மட்டும் மிச்சம்.
பாறையில் வந்து மோதிய வெள்ளை
சத்தமே இல்லாமல் பின்வாங்கியது.

ஜெசிந்தா விரல் நீட்டினாள்.
'அது மூணாவது வாரம் சொன்ன பாறை.
இங்கதான் கடல்சிங்கம் படுத்திருந்துச்சு.
அந்த மூலைய ஆகஸ்ட்ல ரெண்டு தடவ சொல்லிட்ட.'

மங்கி கேப்பை இழுத்து
காதை மூடிக்கொண்டேன்.
'எப்ப தெரியும்?'

'மொத வாரமே.
பனியாத்தங்கரையில சில்வர் ஓக் நிக்குது,
அதுல மிளகுக்கொடி வேற ஏறியிருக்குன்னியே.'

'கேட்டிருக்கலாமே.'

'இருபது நிமிஷத்துல எத கேக்கிறது.'

பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி
சுவரின் மேல் வைத்தாள்.
ஈரோட்டு வேன் ஒன்று வந்து நின்றது.
கதவு திறந்ததும் இருபது பேர்
கத்திக்கொண்டு ஒரே பக்கம் ஓடினார்கள்.
பழக்கதோஷம்,
நான் காபியைப் பார்த்தேன்.

அசையவில்லை.

பிறகுதான் தலையை நிமிர்த்தி
அவர்கள் பார்த்த பக்கம் பார்த்தேன்.
நெடுநேரம் பார்த்தேன்.
காபி ஆறி ஆடை கட்டியது.

'அடுத்த கான்ட்ராக்ட்?'
'ஏப்ரல்.'

சாவியைத் திருகி
பெடலை இரண்டு மிதி மிதித்தாள்.
'அப்ப ஏறு.
நீ சொல்லாத இடம் இன்னும் நாலஞ்சு இருக்கு.
நல்லாப் பாத்து வெச்சுக்க.'